ராத்திரி தூங்காத பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

மன்னார்குடி அம்மா:
பையனுக்கு மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது. நடுராத்திரி எழுந்து அழ ஆரம்பித்தால் விடியும்வரை ஓயமாட்டான். ஜாதிக்காய் உரசி நாக்கில் தடவு என்றார் மாமியார். பக்கத்து வீட்டில் கசகசா பால் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீரே புரையேறுகிற பிள்ளைக்கு மயக்கம் தருகிற பொருளா? நான் விடவில்லை.

தூக்க மருந்து கேட்கத்தான் தஞ்சாவூர் போனோம். டாக்டர் சீட்டில் ஒன்றும் எழுதாமல் கேள்வியாகக் கேட்டார். தினமும் வெளிக்குப் போகிறானா, குறட்டை உண்டா, படுத்தால் எதுக்களிக்கிறதா, அழும்போது கால் விறைக்கிறதா? வயிற்றை அமுக்கினார், கல் மாதிரி இருந்தது. அப்புறம் இடது தொடையை மெல்ல விரித்தார். வீறிட்டான். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு நழுவ ஆரம்பித்திருந்தது.

மலச்சிக்கலுக்கு மருந்து, இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோபென் அளவில் மாற்றம், ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய போர்வை. அழுகை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எலும்பு டாக்டரிடம் காட்டுவது பாக்கி.

கும்பகோணம் அப்பா:
மகளுக்கு வலிப்பு. தூக்கத்தில் சப்புக்கொட்டுவாள், வலது கை லேசாக வெட்டும், உடனே விழித்துக்கொள்வாள். கனவு காண்கிறாள் என்பார்கள் சொந்தக்காரர்கள். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். தூங்கும்போதே ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிகிற சோதனை, எடுக்கச் சொன்னார் டாக்டர். ராத்திரி வலிப்புதான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் தூக்கம் கெடும். இந்த லட்சணத்தில் ஆடி மாதம் முழுக்கத் தெருவில் குழாய் ஸ்பீக்கர். யாரிடம் போய்ச் சொல்ல?

திருவாரூர் அம்மா:
எங்கள் பையனுக்கு ஆட்டிசம். படுத்தாலும் மணிக்கணக்காகப் புரள்வான். தை மாதம் அறுவடை மிஷின் லைட்டைப் போட்டுக்கொண்டு ராத்திரியும் ஓடும்போது கேட்கவே வேண்டாம். படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தி, சாயங்காலத்துக்கு மேல் செல்போனை நிறுத்திப் பார்த்த பிறகுதான் டாக்டர் மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் மருந்தை எழுதினார். ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிரிட்டனில் இந்த மாதிரிப் பிள்ளைகள் 146 பேரிடம் சோதித்து 2012ல் முடிவை வெளியிட்டார்களாம். சுமார் 38 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள், ஆனால் காலையில் முன்னதாகவே விழித்துக்கொண்டதால் மொத்தத் தூக்கம் கூடியது 22 நிமிடம்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. ஒன்பதரைக்குள் கண் அசந்துவிடுகிறான், கோழி கூவுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு அதுவே போதும். வலியால் எழுகிற பிள்ளைக்கு இது என்ன செய்யும், சொல்லுங்கள்?

மன்னார்குடி அக்கா, இடுப்புக்கு எந்த ஊரில் காட்டப்போகிறீர்கள்? என் நாத்தனார் மகளுக்கும் அதே பேச்சு ஓடுகிறது.