செபென்ஸாவா, ஹிண்டரரா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்க

கோபிக்காரன் | புதன், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கங்க. கொஞ்சம் அவசரம். மச்சான் ஓஹையோவில் இருக்கிறான், அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறான், வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டர் போட்டால்தான் கிளம்புவதற்குள் அவன் கைக்கு வந்து சேரும் என்கிறான். நல்லதாக ஒரே ஒரு மடக்குக்கத்தி வாங்கிச் சேகரிப்பை ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கிறிஸ் ரீவ் செபென்ஸா 31, இல்லையென்றால் ஹிண்டரர் எக்ஸ்எம்-18. ரெண்டில் எது? இதுவரை என்னிடம் இருப்பது ஒப்பினல் எட்டாம் நம்பர் ஒன்று, சுவிஸ் ஆர்மி ஒன்று, அவ்வளவுதான்.

இன்னொன்று. போன மாதம் கோயமுத்தூரில் நண்பனுடைய எக்ஸ்எம்-18ஐ வாங்கிப் பார்த்தேன். திறப்பது வெண்ணெய் மாதிரி, அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஃப்ளிப்பரை ஒரு தட்டு, டக்கென்று வந்து நிற்கிறது. மூடுவதுதான் பெரும்பாடு. அவன் சாதாரணமாக மூடுகிறான், எனக்கு மட்டும் அலகைப் பிடித்து நிறுத்துகிற லாக் நகரவே மாட்டேன் என்கிறது. பழகினால் சரியாகிவிடுமா? இல்லை, கத்தியிலேயே கோளாறா?

பொள்ளாச்சி இளநீர் | 9:52

தம்பி, சின்னதா பெரியதா என்று சொல்லவே இல்லையே. செபென்ஸாவில் பெரியது அலகு 9.2 செ.மீ., சின்னது 7.6. எக்ஸ்எம்-18லும் மூன்று அங்குலம், மூன்றரை அங்குலம் என்று இருக்கிறது. எதற்கு வாங்குகிறீர்கள், தினமும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரியவா, பீரோவில் வைத்துப் பார்க்கவா? பட்ஜெட் எவ்வளவு? இதெல்லாம் சொல்லாமல் எது என்றால் நாங்கள் எதைச் சொல்வது.

மஞ்சமண்டி | 9:58

இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா? ஏர்போர்ட்டில் மச்சானை உட்கார வைத்துவிடப் போகிறார்கள், அப்புறம் கல்யாணத்துக்கு நீங்கள் போவதா ஸ்டேஷனுக்குப் போவதா.

பொள்ளாச்சி இளநீர் | 10:04

ஆயுத விதிகள் 2016ல் கணக்கு இருக்கிறதுங்க. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால்தான் அந்தப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு அதிலும் விலக்கு உண்டு. இவர் கேட்பது அதில் பாதிகூட இல்லை. ஆனால் கைப்பையில் வைக்கவே கூடாது, செக்-இன் பெட்டிக்குள்தான். பில்லையும் கூடவே வைக்கச் சொல்லுங்க, கஸ்டம்ஸில் கேட்டால் காட்டலாம்.

எஃகு வாத்தியார் | 10:20

மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வருகிறது, மாதம் ஒருமுறை நானும் பதில் எழுதுகிறேன். பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பது அவ்வளவு பெரிய பாவமில்லை. சரி, வந்துவிட்டீர்கள்.

முதலில் எஃகைப் பாருங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம். இரண்டிலுமே இப்போது மேக்னாகட் கிடைக்கிறது. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தது, 2021ல் வந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான், எஸ்30வி என்ற எஃகில் 14. ஆனாலும் துருவைத் தாங்குவதில் மேக்னாகட்தான் மேல், ஏனென்றால் இதில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாக மாட்டிக்கொள்ளாமல் எஃகுக்குள்ளேயே கரைந்து நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "எது நல்ல கத்தி" என்று கேட்பது மண்ணைப் பார்க்காமல் விதை வாங்குகிற மாதிரி.

மூட வரவில்லை என்பது லாக் ஸ்டிக். வேறு ஒன்றுமே இல்லை. லாக் டைட்டானியம், அலகு எஃகு. டைட்டானியம் எஃகோடு உரசினால் ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. என்னிடம் இருந்த ஒரு ஃபிரேம் லாக்கிலும் இதே தொல்லைதான். லாக் போய் உட்காருகிற முகத்தில் பென்சிலால் ரெண்டு இழுப்பு இழுங்கள், கிராஃபைட் ஒட்டி வழுக்கிவிடும். செபென்ஸா 31ல் அந்த இடத்தில் செராமிக் குண்டு வைத்திருப்பதால் இந்தப் பேச்சே கிடையாது. ஆகவே செபென்ஸா. இழையை மூடலாம்.

லேத் கணபதி | 10:41

வாத்தியாரே, லாக் ஸ்டிக் என்றால் கத்தியின் சொந்தக்காரருக்கும் ஒட்டத்தானே வேண்டும்? அவர் சாதாரணமாக மூடுகிறார் என்று தம்பியே எழுதியிருக்கிறார்.

கோபிக்காரரே, எந்தக் கையில் பிடித்து மூடிப் பார்த்தீர்கள்?

மற்றபடி என் ஓட்டும் செபென்ஸாவுக்குத்தான், காரணம் வேறு. நான் லேத் ஓட்டுகிறவன். அதன் பிவட்டில், அதாவது அலகு சுற்றுகிற அச்சில், குழாய் மாதிரி ஒரு புஷ் போட்டிருக்கிறார்கள். அலகு அந்தப் புஷ்ஷின் மேல் சுற்றுகிறது, ரெண்டு பக்கமும் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர். திருகை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள், அலகு இறுகாது, ஆடவும் செய்யாது, ஏனென்றால் இறுக்கம் முழுதும் புஷ் மேல் போய் நிற்கிறது. இதைச் செய்ய வேண்டுமென்றால் புஷ்ஷின் நீளமும் வாஷரும் அலகின் தடிமனும் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்த வேண்டும். நம் பக்கம் பம்ப் செட்டுக்கு அடிக்கிற புஷ்ஷில் அந்த அளவு கேட்டால் டர்னர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினாலும் கடையில் வாங்கியபடியே வந்து நிற்கும். எக்ஸ்எம்-18ல் பேரிங், பிரான்ஸ் வாஷர், டெஃப்லான் வாஷர் என்று நமக்குப் பிடித்ததை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அது ஒரு சுகம்தான். ஆனால் போடும் ஒவ்வொரு முறையும் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பதம் பார்க்க வேண்டும்.

எஃகு வாத்தியார் | 10:49

எந்தக் கையாக இருந்தால் என்ன, கைதானே. லாக் ஸ்டிக்.

பல்லடத்தான் | 11:02

சேகரிப்பு என்கிறார், எல்லாரும் புஷ், வாஷர் என்று போய்விட்டீர்கள். நாளைக்கு விற்றால் என்ன வரும் என்று பாருங்கள். கிறிஸ் ரீவ் கத்தியோடு ஒரு அட்டை வரும், கத்தி முடிந்த தேதி போட்டு. அதையும் டப்பாவையும் பத்திரமாக வைத்திருந்தால் வாங்குகிறவன் பேரம் பேசாமல் வாங்குவான். இரண்டுக்குமே போலி நிறைய உலவுகிறது. நான் ஒரு தளத்தில் "ஃபேக்டரி செகண்ட்ஸ்" என்று நம்பி ஒன்பதாயிரத்துக்கு ஒன்று வாங்கி, வந்தவுடன் பார்த்தால் இடுக்கியால் கூட நேராக்க முடியாத பாக்கெட் கிளிப். மச்சானை நேரடியாக நல்ல டீலரிடம் வாங்கச் சொல்லுங்க.

தறிக்காரன் | 11:15

கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பேனாக்கத்தியா? சென்னிமலைப் பக்கம் கொடுமணல் இருக்கிறது, நொய்யல் கரையில். ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே மூசையில், அதாவது மண் குடுவையில், எஃகு காய்ச்சியிருக்கிறார்கள், தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். உலகமே டமாஸ்கஸ் வாள் என்று வாயைப் பிளந்தது நம்ம எஃகைப் பார்த்து. நாம் போய் அமெரிக்காக்காரன் செய்ததற்குக் கியூவில் நிற்கிறோம்.

எஃகு வாத்தியார் | 11:31

உணர்ச்சி வேறு, உலோகம் வேறு. மூசை எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம் வரை போகும், மெதுவாக ஆறும்போது கார்பைடு வரி வரியாக ஒதுங்கும், அந்த வரிதான் நீங்கள் சொல்லும் அழகு. ஆனால் குரோமியம் கிடையாது, ஒரு ஐப்பசி மழை போதும், துருப்பிடித்துவிடும். மேக்னாகட் பவுடர் எஃகு. உருக்கிய எஃகை வாயுவால் பீய்ச்சித் தூளாக்கி, அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். கார்பைடு பொடிப் பொடியாகச் சீராகப் பரவி நிற்கும். ரெண்டையும் ஒப்பிடுவது மாட்டு வண்டியையும் லாரியையும் ஒப்பிடுவது.

தறிக்காரன் | 11:38

மாட்டு வண்டி இல்லாமல் லாரி எங்கிருந்து வந்ததாம்? அந்த எஸ்30வி செய்த கம்பெனியின் பெயரே குரூசிபிள். அதற்குத் தமிழில் என்ன? மூசை!

எஃகு வாத்தியார் | 11:44

பெயர் வைத்தால் ஆயிற்றா.

நொய்யல் கரை | 11:50

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. செபென்ஸாவிலேயே "டமாஸ்கஸ்" என்று ஒரு ரகம் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அது கொடுமணல் வகை அல்ல. ரெண்டு மூன்று விதமான எஃகை அடுக்கி, அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் முக்கி வரியை எழுப்புவது. பார்க்க ஒன்று போலத் தெரியும், பிறப்பு வேறு. புதிதாகச் சேகரிக்கிறவர்கள் இந்தப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தறிக்காரன் | 11:57

அப்போ பெயரும் நம்மிடம் திருடியதுதான் என்கிறீர்கள்.

நொய்யல் கரை | வியாழன், காலை 12:03

டமாஸ்கஸ் சிரியாவில் இருக்கிறதுங்க.

மஞ்சமண்டி | காலை 6:20

ராத்திரி பூராவும் சண்டையா. ஒரு சின்ன சந்தேகம், இந்தக் கத்தியெல்லாம் மழுங்கினால் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

லேத் கணபதி | 6:45

கொடுக்காதீங்க. குறை அவர் கையில் இல்லை, அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் பிடிக்கிற சாணை அருமையாக இருக்கும். ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய முனையை வைத்தால் பொறி பறக்கும்போதே ஓரம் நீலம் பாய்ந்துவிடும், துவைச்சல் போட்ட பதம் போச்சு. இந்த எஃகில் இருக்கிற வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கெட்டி. டயமண்டு தகடு ஒன்று வாங்கி வீட்டிலேயே மெதுவாகத் தீட்டுவதுதான் சரி.

கோபிக்காரர் எங்கே போனார்? எந்தக் கை என்று கேட்டிருந்தேன்.

பொள்ளாச்சி இளநீர் | 9:10

நாளை வெள்ளிக்கிழமை என்று அவருக்கு ஞாபகப்படுத்த ஆள் அனுப்ப வேண்டுமா.

கோபிக்காரன் | வியாழன், மதியம் 1:25

மன்னிக்கணுங்க, மஞ்சள் ஏலத்துக்கு ஈரோடு போய்விட்டேன். எல்லாம் படித்தேன். பட்ஜெட் நானூறு, ஐந்நூறு டாலருக்குள். தினமும் பாக்கெட்டில் வைக்கத்தான். தோட்டத்தில் சணல் அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, மூட்டை பிரிக்க. பென்சில் யோசனையை நண்பனிடம் சொன்னேன், என் கத்தியில் கிறுக்கினால் பார் என்கிறான்.

லேத் அண்ணா, இடது கைதான். நான் நொட்டாங்கைக்காரன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பல்லடத்தான் | 1:27

அடப் பாவமே.

பொள்ளாச்சி இளநீர் | 1:31

இருபது பதிவு தாண்டி.

லேத் கணபதி | 1:50

அதுதான் விஷயம். கத்தியில் ஒரு கோளாறும் இல்லை, உங்களிடமும் இல்லை.

ஃபிரேம் லாக் என்றால் பிடியின் ஒரு பக்கத் தகட்டையே கீறிப் பட்டையாக்கி, அந்தப் பட்டை உள்ளே வளைந்து அலகின் அடியில் போய் முட்டுக் கொடுக்கிறது. இந்த முறையே கிறிஸ் ரீவ் கொண்டு வந்ததுதான், ஹிண்டரர் அதன்மேல் ஒரு வட்டைப் பொருத்திப் பட்டை அளவுக்கு மீறி வெளியே வளையாமல் பார்த்துக்கொண்டார். சோத்தாங்கையில் பிடித்தால் பட்டை விரல்கள் இருக்கிற பக்கம், அதாவது வலது பக்கம். மூடும்போது கட்டைவிரலை அடிப்பிளவில் வைத்து வலப்பக்கமாகத் தள்ளினால் பட்டை விலகிவிடும். தள்ளுவது கட்டைவிரலுக்கு இயல்பு.

அதே கத்தியை இடது கையில் பிடியுங்கள். பட்டை இப்போது கட்டைவிரல் பக்கமே வந்துவிட்டது. அதை வெளியே, கட்டைவிரலை நோக்கியே நகர்த்த வேண்டும். கட்டைவிரலுக்கு அழுத்தத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. நீங்கள் அழுத்த அழுத்தப் பட்டை இன்னும் உள்ளே போய் இறுகும். ஆள்காட்டி விரலை மறுபக்கத்திலிருந்து விட்டுத் தள்ள வேண்டும். பழகலாம், முடியாதது இல்லை. ஆனால் அலகு வந்து விழுகிற வழியில் அந்த விரல் இருக்கும். ஃப்ளிப்பருக்கு எந்தக் கையும் ஒன்றுதான், அதனால்தான் திறக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எக்ஸ்எம்-18ல் கிளிப்பை இடப்பக்கம் மாற்றலாம், பட்டையை மாற்ற முடியாது. செபென்ஸாவில் இடது கைக்கென்றே எல்லாவற்றையும் திருப்பி வைத்துத் தனியாகச் செய்கிறார்கள். மச்சானிடம் "லெஃப்ட் ஹேண்ட்" என்று அழுத்திச் சொல்லச் சொல்லுங்க. அது வேறு கத்தி, எல்லா டீலரிடமும் இருக்காது. தோட்ட வேலைக்குச் சின்னதே போதும், அலகும் 3 மில்லிமீட்டர் தடிமன்தான், எக்ஸ்எம்-18 நாலு மில்லிமீட்டர் கிட்ட வரும். குழாய் வெட்ட மெல்லியதுதான் சுகம்.

நொய்யல் கரை | 2:05

கிடைக்காவிட்டால் பெஞ்ச்மேட் 940 பாருங்க. ஆக்சிஸ் லாக், குறுக்கே ஒரு கம்பி, ரெண்டு பக்கமும் பிடித்து இழுக்கலாம், அதற்கு வலது இடது தெரியாது. விலையும் குறைவு.

எஃகு வாத்தியார் | 2:30

லாக் ஸ்டிக்கும் சேர்ந்து இருந்திருக்கலாம்.

தறிக்காரன் | 2:33

எங்க ஆசாரி அடித்துக் கொடுத்த அரிவாளுக்கு வலது இடது பிரச்சினையே கிடையாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கோபிக்காரன் | வெள்ளி, இரவு 11:58

நாலாவது டீலரிடம் ஒன்று இருந்தது. போட்டாச்சு. சின்னது.

பொள்ளாச்சி இளநீர் | ஆறு நாள் கழித்து

வந்ததா?

மஞ்சமண்டி | எட்டு நாள் கழித்து

ஆள் கல்யாண விருந்தில் செட்டில் ஆகிவிட்டார்.

கோபிக்காரன் | பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 8:15

வந்துவிட்டதுங்க, எல்லாருக்கும் நன்றி, லேத் அண்ணாவுக்குக் கூடுதலாக. கட்டைவிரல் வைத்தவுடன் மூடுகிறது. செபென்ஸா என்றால் ஜூலு மொழியில் வேலை என்று அர்த்தமாம், டப்பாவைப் பிரித்த அன்றே அப்பா அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டு கையாலும் பிடித்துத் திறந்து ஆறு உரமூட்டை பிரித்திருக்கிறார். அவர் சோத்தாங்கைக்காரர். மூட வரவில்லை. திறந்த கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டம் பூராவும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார், கூலிக்கு வந்தவர்கள் பாத்தியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

பல்லடத்தான் | 8:19

அப்பாவைப் பென்சில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்க. போட்டோ எங்கே?