.50 பிஎம்ஜி ரைஃபிள் வாங்கினால் செலவு தாங்குமா?

வேப்பமரத்தடி:
ஹூஸ்டனுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறேன். கிரீன் கார்டு போன வருடம்தான் கைக்கு வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு மாமனார் வழியில் பெரிய பண்ணை இருக்கிறது, போன மாதம் அங்கே கூட்டிப்போய் பாரெட் எம்82-ஐக் கொடுத்துச் சுடச் சொன்னார், அரை அங்குலக் குண்டு போகும் .50 பிஎம்ஜி தோட்டாவைச் சுடும் ரைஃபிள். மூன்றே ரவுண்டு. தோட்டாவைக் கையில் வாங்கியபோதே ஒரு மாதிரி ஆகிவிட்டது, நடுவிரல் நுனியில் வைத்தால் உள்ளங்கையில் முக்கால்வாசிக்கு வருகிறது. முதல் ரவுண்டு போனதும் முன்னால் இருந்த புழுதி எல்லாம் எழும்பி என் மூஞ்சியிலேயே விழுந்தது, மத்தியானம் வரை பல்லிடுக்கில் மண். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

எம்82 எல்லாம் பத்தாயிரம் டாலர் பக்கம், நமக்குக் கட்டாது. ஒவ்வொரு ரவுண்டாகப் போட்டுச் சுடும் போல்ட் ரைஃபிள்கள் மூவாயிரம் சொச்சத்தில் இருக்கின்றன. இப்போது என்னிடம் இருப்பது ஒரு 308 மட்டும், அதைவிட மிகச் சின்னத் தோட்டா போடும் சாதாரண ரைஃபிள். வீட்டுக்காரி "அத வச்சு யாரச் சுடப் போறீங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மூவாயிரத்தோடு முடியுமா, இல்லை யானையைக் கட்டித் தீனி போட்ட கதையா?

கொலராடோ கிழவன்:
தம்பி, யானைதான். ரைஃபிள் விலையை வீட்டுக்குக் கொடுக்கிற அட்வான்ஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், வாடகை அப்புறம்தான் ஆரம்பிக்கும். நல்ல ஸ்கோப்பும் அதைத் தாங்குகிற ரிங்குமாக இன்னொரு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். மலிவு ஸ்கோப் போட்டால் உள்ளே கண்ணாடி ஆட்டம் கண்டுவிடும், பட்டுத் தெரிந்துகொண்டேன். தோட்டா சாதாரண ரகம் ஒன்று நாலைந்து டாலர், போட்டிக்கான ரகம் ஏழுக்கு மேல். ஒரு காலை நேரத்தில் நாற்பது ரவுண்டு ஒன்றுமே இல்லை, ஆனால் இருநூறு டாலர் போயிருக்கும்.

உதைக்குப் பயப்பட வேண்டாம். 308-ஐப் போல ஐந்து மடங்கு சக்தி என்றாலும் பத்துப் பதினாலு கிலோ எடையும் முனையில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து அதை விழுங்கிவிடும், தோளுக்கு 12 கேஜ் ஷாட்கன் மாதிரிதான் தெரியும். ஆனால் பிரேக் வெடிக்கும்போது வரும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். காதுக்குள் ஒன்று, காதுக்கு மேல் ஒன்று என்று இரண்டு அடைப்பும் கட்டாயம்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எங்கே சுடப் போகிறீர்கள்? நான் ரைஃபிளை வாங்கி வீட்டில் வைத்த பிறகுதான் சுடுகிற மைதானங்களுக்கு, அதான் ரேஞ்சுகளுக்கு, போன் போட்டேன். கூரை போட்டவர்கள் சிரித்தார்கள், திறந்தவெளி கிளப்பில் 'உங்கள் ரவுண்டு எங்கள் இரும்புத் தட்டுகளை ஓட்டை போட்டுவிடும், வேண்டாம்' என்றார்கள். நாலு மாதம் அலமாரியில் தூங்கியது. இப்போது நியூ மெக்சிகோவில் ராட்டன் பக்கம் இருக்கும் விட்டிங்டன் சென்டருக்குப் போகிறேன், எனக்கு மூன்றரை மணி நேர டிரைவ். 1985-ல் ஆரம்பித்த ஃபிஃப்டி காலிபர் ஷூட்டர்ஸ் அசோசியேஷன் அங்கேதான் ஆயிரம் கஜப் போட்டி நடத்துகிறது, அங்கே மட்டும்தான் யாரும் என்னை முறைப்பதில்லை. வருடத்துக்கு எத்தனை தடவை போகிறேன் என்று கேட்காதீர்கள், வீட்டம்மா இதைப் படிப்பாள்.

ராத்திரி ரீலோடர்:
கிழவன் அண்ணன் சொன்ன நாலைந்து டாலரைப் பாதியாக்கலாம், சுட்ட காலிக் கூட்டில் நாமே மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா கட்டினால். ஆனால் 308-க்கு வைத்திருக்கும் பிரஸ், அதாவது தோட்டா கட்டும் கருவி, உதவாது, இதற்கென்றே பெரிய பிரஸ், ஒன்றரை அங்குல மரை போட்ட டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் தனி அளவு. ஒரு கூட்டுக்குள் 230 கிரெயின் அளவுக்கு மருந்து போகும், அதாவது ஏறக்குறைய 15 கிராம். ஒரு பவுண்டு டப்பாவில் முப்பது ரவுண்டுதான் வரும், 308-க்கு அதே டப்பா நூற்றைம்பது வரும். வருடத்துக்கு இருநூறு ரவுண்டாவது சுடாதவன் இந்தச் சாமான்களை வாங்குவது வெட்டி. காலிக் கூடுதான் இதில் சொத்து, ஒருமுறை முழங்கால் உயரப் புல்லில் ஏழு கூடு தொலைந்து சாயங்காலம் வரை டார்ச் அடித்துத் தேடினேன், நாலு கிடைத்தது.

இன்னொன்று, துப்பாக்கிக் கண்காட்சிகளில் மலிவாகக் கிடைக்கும் ராணுவ மிச்சத் தோட்டா. முனையில் வெள்ளி நிறப் பெயின்ட் இருந்தால் அது கவசத்தைத் துளைத்துத் தீப் பிடிக்க வைக்கும் ரகம், உங்கள் டெக்சஸ் கோடையில் காய்ந்த புல்லில் விழுந்தால் பண்ணையே போய்விடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரைமர் என்றால் பேரல் துருப்பிடிக்கும், அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். 2021-ல் ஒரு யூடியூபர் பழைய சாபோட் ரகத் தோட்டா (குண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை இருக்கும்) ஒன்றைச் சுடும்போது ரைஃபிள் வெடித்து இரும்புத் துண்டு கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்தது, காயத்துக்குள் தன் கட்டைவிரலை விட்டு அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார். யார் கட்டியது என்று தெரியாத தோட்டாவைத் தொடாதீர்கள். நாலு டாலர் மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

பே ஏரியா பாவி:
அரிசோனாவில் இருந்தபோது ஒன்று வைத்திருந்தேன். அப்புறம் இங்கே வேலை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 2005-லிருந்து .50 பிஎம்ஜி ரைஃபிளுக்குத் தடை, கூட எடுத்து வர முடியாது. அவசரத்தில் விற்றேன், ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டம். நியூ ஜெர்சியிலும் இப்போது தடை, இல்லினாய்ஸில் 2023-லிருந்து. நம் ஆட்கள் வேலை மாறிப்போகும் ஊர்களில் பாதி இந்தப் பட்டியலில் வருகிறது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே சிலர் கொஞ்சம் சின்னக் குண்டு போகும் .416 பாரெட் வாங்கிச் சுடுகிறார்கள், அந்த .50 சட்டத்துக்குள் அது வராது, ஆனால் தோட்டா இன்னும் விலை.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாகக் கூடாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர் வாங்கலாம். ஆசை இன்னும் பெருத்து 20 எம்எம் பக்கம் போனீர்கள் என்றால், குழலின் உள்விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டியதுமே 1934 துப்பாக்கிச் சட்டத்தில் 1968-ல் செய்த திருத்தப்படி அது 'டிஸ்ட்ரக்டிவ் டிவைஸ்' (அழிவு ஆயுதம்), தனி அனுமதியும் 200 டாலர் வரியும். யானை மாதிரி பெரிய மிருக வேட்டைக்கான 577, 600, 700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற ரைஃபிள்களுக்கு விளையாட்டு ரகம் என்று விலக்கு இருக்கிறது. 700-க்குத் தோட்டா விலை கேட்டால் மயக்கம் வரும், ஒன்றே நூறு டாலர் அளவுக்குப் போகும்.

வேப்பமரத்தடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன், ரைஃபிள், ஸ்கோப், பெட்டி, இருநூறு தோட்டா எல்லாம் சேர்ந்து முதல் வருடம் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. பக்கத்தில் இருக்கும் மூன்று ரேஞ்சுக்கு போன் போட்டேன், மூன்றிலும் முடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் நண்பரிடமே பேசிவிட்டேன், ரைஃபிள் அவருடையது, தோட்டா நான் வாங்கி வருவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து ரவுண்டு. அவருக்கும் சந்தோஷம். மாமனார்தான் மாடுகள் கன்று போடுகிற சமயம், ஒரு மாதம் சத்தமே கூடாது என்கிறார்.

கொலராடோ கிழவன்:
மாமனார் பேச்சைக் கேளுங்கள் தம்பி. போகும்போது தரையில் விரிக்க ஒரு பழைய தார்ப்பாய் எடுத்துப் போங்கள், முனைக்குக் கீழே போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பல்லில் மண் வராது.