மறு: ஆய்வு நெறிப் பாடத்தில் 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்' – தமிழில் எது?

அனைவருக்கும் வணக்கம். ஆய்வில் பங்கேற்பவருக்கு விவரத்தைச் சொல்லி அவர் சம்மதத்தை வாங்குவதுதான் 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்'. நம் பாடத்தில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி.

> 'தகவலறிந்த ஒப்புதல்' ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்குவது உண்மைதான் ஐயா. ஆனால் ஆய்வு நடத்த நெறிக்குழு தரும் அனுமதியையும் நாம் ஒப்புதல் என்றே எழுதுகிறோம். ஒரே ஆய்வேட்டில் இரண்டும் வரும்போது, மேலிடத்து அனுமதியும் நோயாளி தன் உடம்பைப் பற்றி எடுக்கிற முடிவும் ஒன்றாகிப்போகின்றன. (காவல் நிலையத்து ஒப்புதல் வாக்குமூலம் வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.)

எனக்குப் பெரிய குறை 'தகவலறிந்த' மீதுதான். அறிந்துகொள்ளும் பொறுப்பை அது கையெழுத்திடுபவர் தலையில் கட்டுகிறது. விளக்கிச் சொல்ல வேண்டியவர் ஆய்வாளர் அல்லவா? என் பரிந்துரை: விளக்கிப் பெறும் சம்மதம்.

கம்மத்தில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். கம்மத்தில் விடுதிப் பிள்ளைகள் பலரின் படிவத்தில் பெற்றோருக்குப் பதில் காப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். சிறுமிகள் சிலர் இறந்த செய்தி வெளிவந்தபின், 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. இறப்புக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் சம்மதம் வாங்கிய லட்சணத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இதைத் தேர்வில் கேட்டால், 'தகவலறிந்த ஒப்புதல்' படித்த மாணவர் "காப்பாளர் தகவலறிந்தவர், ஒப்புதல் தந்தார்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். 'விளக்கிப் பெறும்' என்றால் யார் விளக்கினார், யாருக்கு, எந்த மொழியில் என்று கேட்காமல் தப்ப முடியாது.

கணினித் துறைக்கும் இது பொருந்தும். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஏறக்குறைய 6,89,000 பேரின் ஃபேஸ்புக் ஊட்டத்தை (திரையில் வரும் பதிவுகளின் வரிசையை) மாற்றி அவர்கள் மனநிலையை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பயனர்கள் கணக்குத் தொடங்கும்போது ஏற்ற விதிமுறைகளே சம்மதத்துக்குப் போதும் என்பது ஆய்வாளர்கள் வாதம். அதில் விளக்கியவர் யார்?

> சம்மதம் வடசொல். 'இசைவு' இருக்கிறதே?

அழகான சொல்தான். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவது இசைவாணை, மறுபடியும் மேலிடத்து வாசனை. படிவத்தைப் படித்துக் காட்டும் செவிலியர் "சம்மதமாம்மா?" என்றுதான் கேட்பார். கையெழுத்திடுபவருக்கே அன்னியமான சொல்லை இந்தக் கருத்துக்குச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறார் ஆய்வில் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் தனியே கேட்க வேண்டும். அதற்கு 'சிறார் உடன்பாடு' எனலாம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பங்கேற்பாளர் பாதியில் விலகுவதை 'சம்மதத்தைத் திரும்பப் பெறுதல்' என்றால், பெறுபவர் ஆய்வாளரா பங்கேற்பாளரா என்று குழம்பும். 'சம்மதத்தை விலக்கிக்கொள்ளுதல்' சரிவருமா? சட்டத் தமிழ் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.