குடும்பக் குழுவில் சி.எஸ்.

சித்தப்பா: காலையில் ஒரு செய்தி வந்தது. ‘மண்ணைக் கெடுத்த உரமும் பூச்சிமருந்தும் அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமையோடு வந்தவை. கொண்டுவந்தவர் பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு.

பெரியப்பா: மீதிப் பாதியை யார் சொல்வது தம்பி? 1964இல் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண் துறையைக் கொடுத்தார். 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதையும் அமெரிக்க அதிபர் ஜான்சன் மொத்தமாகத் தரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார்.

அத்தை: திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று சாஸ்திரி கேட்டுக்கொண்டாரே! அன்றைக்கு அம்மா அடுப்பே பற்றவைக்க மாட்டார்.

நான்: பெரியப்பா, விதையைக் கொண்டுவந்தது விஞ்ஞானிகள்தானே? எங்கள் பசுமைப் புரட்சிப் பாடத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் பெயர்தான் இருக்கிறது.

பெரியப்பா: சோதனை வயலில் விளைவது வேறு அம்மா, ஊரெல்லாம் விளைவது வேறு. விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார், இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். விளைந்ததை அரசு நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த விவசாயி கடன் வாங்கி உரம் போடுவார்? அதற்காகத்தான் 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் வந்தன. மறு ஆண்டு 18,000 டன் மெக்சிகோ விதை இறங்கியது. டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அந்தக் கோதுமையை விதைத்த மனிதர் அவர். பயந்தவர் செய்கிற காரியமா அது?

மாமா: மொழிப் போராட்டத்தை விட்டுவிட்டீர்களே, மச்சான். 1965 பிப்ரவரியில் அவரும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்ததால்தான் பதவியில் நீடித்தார்கள்.

அத்தை: 1954இல் முதல்வர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவரும் இவர்தான். தோற்றவரைக் காமராஜர் ஒதுக்கவில்லை, அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அந்த இருவர் மீதும் எனக்கு அப்படியொரு மரியாதை.

சித்தப்பா: எல்லாம் சரி அண்ணா. பஞ்சாபில் நிலத்தடி நீர் எங்கே போய்விட்டது பாருங்கள். அதற்கு யார் பதில் சொல்வது?

பெரியப்பா: கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பஞ்சாபில் நெல் பரவியதும் இலவச மின்சாரம் வந்ததும் பிற்காலம். அந்த முடிவுகளையும் இவர் கணக்கில் எழுதாதே. உரத்தை அளவில்லாமல் போட்டதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நான்: விளைச்சல் பெருகியபோது மக்கள் அவரைக் கொண்டாடினார்களா?

பெரியப்பா: 1967 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். 1968இல் கோதுமை வரலாறு காணாத அளவு விளைந்தது, தபால்தலையே வெளியிட்டார்கள். அப்போது அவர் அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை. பிறகு நிதி, பாதுகாப்பு எல்லாத் துறையும் பார்த்தார், மகாராஷ்டிர ஆளுநராக இருந்தார். பாரத ரத்னா வந்தது 1998இல், அவருடைய 88ஆம் வயதில். எனக்கு ஆறாத குறை இது.

சித்தப்பா: செய்தி அனுப்பியவருக்கு நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். உரத்தைப் பற்றிய என் கருத்தையும் சேர்த்துத்தான் அனுப்புவேன்.

பெரியப்பா: தாராளமாக அனுப்பு. 1967 தோல்வியை மட்டும் விட்டுவிடாதே.