ஜான் டெர்ரி ஆஸ்டன் வில்லாவில் உண்மையில் என்ன செய்தார்?

நீலச்சட்டை:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இங்கிலாந்து கால்பந்து கிளப் செல்சியின் பழைய ரசிகன், டெர்ரி விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள். நேற்று நண்பரோடு பெரிய வாக்குவாதம். உதவிப் பயிற்சியாளர் என்றால் பயிற்சியில் கூம்பு அடுக்குகிற, ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கத்துகிற ஆள்தானாம், டெர்ரி ஆஸ்டன் வில்லா கிளப்பில் இருந்ததும் பெயருக்குத்தானாம். செல்சிக்கு 717 ஆட்டம் ஆடி, 5 முறை லீக் ஜெயித்து, கடைசியாக 2017-18-ல் வில்லாவுக்குக் கேப்டனாகவும் இருந்த சென்டர் பேக் (தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்) அவர். 2018 அக்டோபரில் ஓய்வு அறிவித்த கையோடு வில்லா மேனேஜர் டீன் ஸ்மித்துக்கு உதவியாளராக அதே கிளப்புக்குத் திரும்பினார், 2021 ஜூலையில் கிளம்பினார். இந்த இடைவெளியில் "இது டெர்ரி செய்தது" என்று கை காட்ட ஏதாவது இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. 2019-20 சீசனைப் பாருங்கள். கோவிட்டுக்காக லீக் நிற்பதற்கு முன் வில்லா 28 ஆட்டத்தில் 56 கோல் வாங்கியிருந்தது, ஆட்டத்துக்கு இரண்டு என்ற கணக்கு. கடைசியாக 2020 மார்ச் 9 அன்று லெஸ்டரிடம் 0-4. அப்புறம் மூன்று மாதம் ஆட்டமே இல்லை. ஜூனில் திரும்பி வந்து மீதி 10 ஆட்டத்தில் வாங்கியது 11 மட்டும்! தடுப்பில் அதே மிங்ஸ், அதே கோன்சா. கோல்கீப்பர் ஹீட்டன் ஜனவரியிலிருந்தே காயத்தில் வெளியே, நீலாண்டும் ரெய்னாவும் மாறி மாறி நின்றார்கள், ஆக புதிதாக யாரையும் வாங்கிச் சரிசெய்த கதை இல்லை. 35 புள்ளி எடுத்து கீழ் லீக்குக்கு இறங்காமல் ஒரே ஒரு புள்ளியில் தப்பினார்கள். லாக்டவுன் நேரத்தில் தடுப்பாட்டத்தைத்தான் தோண்டித் துருவினோம் என்று ஸ்மித்தே பிறகு சொன்னார். அந்தத் தோண்டலில் டெர்ரிக்குப் பங்கில்லை என்றால் வேறு யாருக்கு?

கடைசி பெஞ்ச்:
சரி, அந்த 56 வாங்கியபோது டெர்ரி எங்கே இருந்தார், விடுமுறையிலா? நல்லது நடந்தால் அவர், கெட்டது நடந்தால் ஸ்மித்தா? அப்புறம் அந்த 11-ஐ 12 என்று எழுதுங்கள். ஜூன் 17, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டம், நீலாண்ட் பந்தைக் கட்டிப்பிடித்தபடி கோட்டுக்கு உள்ளே போய் நிற்கிறார், உலகமே பார்த்தது, பந்து கோட்டைத் தாண்டினால் அதிர்ந்து கோல் என்று சொல்ல வேண்டிய நடுவரின் கடிகாரம் மட்டும் அதிரவில்லை. 0-0. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அடுத்த சீசனில் 46 கோலாகக் குறைந்ததையும் டெர்ரி கணக்கில் எழுதாதீர்கள், அப்போது கோல்கீப்பர் எமி மார்ட்டினெஸ் வந்துவிட்டார், தடுப்பாட்டக்காரர் மேட்டி கேஷ் வந்துவிட்டார், பயிற்சியாளர் குழுவில் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் சேர்ந்துவிட்டார்.

ஆறாம் நம்பர்:
கல்லூரியிலும் அப்புறம் மாவட்ட லீக்கிலும் சென்டர் பேக் ஆடியவன், அந்தத் தகுதியில் மட்டும் சொல்கிறேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பழைய டிஃபெண்டர், ஒருநாள் எங்கள் நாலு பேர் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டி மைதானம் முழுக்க நகரவிட்டார், ஒருத்தன் பந்தைப் பார்த்து ஓடினால் மற்ற மூவரும் தடுமாறி விழுவோம். முதல் மூன்று வாரம் எரிச்சல்தான், ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துதான் யாரும் சொல்லாமலே சேர்ந்து ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தோம். டெர்ரி வேகமான ஆள் இல்லை, ஆடிய காலத்திலும் பந்து வருமுன்னே சரியான இடத்தில் நின்று பிழைத்தவர், அதைச் சொல்லிக்கொடுக்க நாள் வேண்டும். சீசன் நடுவில் சனிக்கு சனி ஆட்டம், நடுவே பயணம் என்று ஓடும்போது எங்கே கிடைக்கும்? லாக்டவுனில் கிடைத்தது.

இன்னொன்று, 2018-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் இறுதியில் வெம்ப்ளி மைதானத்தில் கேப்டனாக நின்று ஃபுல்ஹாமிடம் 0-1 தோற்றவர், அடுத்த வருடம் அதே மைதானத்தில் பெஞ்சிலிருந்து டெர்பியை 2-1 என்று ஜெயித்துப் பிரீமியர் லீக்குக்கு ஏறினார். எதிரே டெர்பி மேனேஜர் லேம்பார்டு, டெர்பியின் இடது தடுப்பில் ஆஷ்லி கோல், இருவரும் டெர்ரியோடு செல்சியில் ஆடியவர்கள். செல்சி வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது.

கடைசி பெஞ்ச்:
நாள் வேண்டும் என்ற வாதத்துக்கு லெஸ்டரே போதும். 2023 ஏப்ரலில் அதே ஸ்மித், ஷேக்ஸ்பியர், டெர்ரி கூட்டணி போய் இறங்கியது. 8 ஆட்டம், 16 கோல், அதில் ஃபுல்ஹாமிடம் மட்டும் 5. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை ஜெயித்தும் 18-வது இடம், கீழே இறங்கினார்கள். இதற்கப்புறம் மேனேஜர் வேலை கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

ஆறாம் நம்பர்:
ஆறு வாரத்தில், அதுவும் வேறு யாரோ சேர்த்த அணியை வைத்துக்கொண்டா? அதை நான் அவர் கணக்கில் எழுத மாட்டேன். மேனேஜராக வேண்டும் என்றுதான் வில்லாவை விட்டார், அதுதான் தப்புக் கணக்கு என்று எனக்குப் படுகிறது. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்திருக்கலாம்.

நீலச்சட்டை:
எல்லோருக்கும் நன்றி. நண்பருக்கு அந்த 10 ஆட்டம் 11 கோலை அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் "8 ஆட்டம் 16 கோல்" என்று பதில் வந்தது. கடைசி பெஞ்ச், அது நீதானே?