ஸ்னோபோர்டு பராமரிப்பு: முழு கிட் வேணுமா, ஒரு வாக்ஸும் ஸ்கிரேப்பரும் போதுமா?

புதுப்பனி:
வணக்கம் எல்லாருக்கும். ரெண்டாவது சீசன் ஓட்டுறேன், சொந்த போர்டு, சின்டர்டு பேஸ் (பாலித்தீன் பொடியை இறுக்கிப் பண்ணின அடிப்பாகம்). போன வாரம் கவனிச்சப்போ ரெண்டு எட்ஜ் (போர்டைச் சுத்தி இருக்கிற இரும்பு விளிம்பு) ஓரமாவும் பேஸ் வெளுத்துப்போய் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, சமதளமா வர்ற இடத்துல மத்தவங்க எல்லாம் வழுக்கிட்டுப் போக நான் மட்டும் நின்னு ஒரு காலைக் கழட்டித் தள்ளிட்டுப் போறேன். சரி நாமளே வாக்ஸ் (வழுக்குறதுக்குப் பூசுற மெழுகு) போட்டுக்கலாம்னு பார்த்தா அயர்ன், ஸ்கிரேப்பர், மூணு வகை பிரஷ், அஞ்சு கலர் வாக்ஸ், பேஸ் கிளீனர், எட்ஜ் டியூனர், டைமண்ட் ஸ்டோன், ரப்பர் மாதிரி இருக்கிற கம்மி ஸ்டோன், பேஸ் கீறலை அடைக்கிற பி-டெக்ஸ் பிளாஸ்டிக் குச்சி, போர்டைப் பிடிச்சு நிறுத்துற வைஸ்னு அடுக்கிக்கிட்டே போறாங்க. இதுல எது நிஜமா தேவை? வீட்ல ஒரு பழைய துணி அயர்ன் பாக்ஸ் சும்மா கிடக்கு, அது ஆகுமா?

ஒத்தைக்கட்டி:
தம்பி, பயப்படாத. எல்லா வெப்பநிலைக்கும் ஆகுற யுனிவர்சல் வாக்ஸ் ஒரு கட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், ஒரு நைலான் பிரஷ், அந்த பழைய அயர்ன் பாக்ஸ், இது போதும். நான் பதினஞ்சு சீசனா இப்படித்தான் ஓட்டுறேன். பேஸ் வெளுத்திருக்குன்னா அது காஞ்சு போச்சுன்னு அர்த்தம், திரும்பும்போது அழுத்தம் முழுக்க எட்ஜ் ஓரத்துலதான் விழுது அதனால அங்கதான் முதல்ல வாக்ஸ் தேயும். அஞ்சு கலர் வாக்ஸ் எல்லாம் கடிகாரம் வச்சு ஓடுறவங்களுக்கு.

கூர்தீட்டி:
மேல சொன்னதுல பாதி சரி, ஆனா அயர்ன் விஷயத்துல கடுமையா மறுக்கிறேன், ஏன்னா பேஸ் கருகிப் போன போர்டு நிறைய என் கைக்கு வந்திருக்கு. துணி அயர்ன்ல தகடு மெல்லிசு. தெர்மோஸ்டாட் ஆஃப் ஆகி ஆன் ஆகுற இடைவெளியில சூடு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், குளிர்ந்த பேஸ் மேல வச்சதும் சட்டுனு இறங்கும், உடனே நாம சூட்டைக் கூட்டி வைப்போம், அடுத்த நிமிஷம் புகை வரும். புகை வந்தா வாக்ஸ் கருகுதுன்னு அர்த்தம். பேஸ் பாலித்தீன்தான், கிட்டத்தட்ட 130-135 டிகிரியில உருகுற பொருள். ஸ்டீம் ஓட்டையில வாக்ஸ் போய் அடைச்சிக்கும், அப்புறம் அதுல துணியும் தேய்க்க முடியாது. வாக்ஸ் அயர்ன்ல தகடு தடிமனா இருக்கும், சூடு நிலையா நிக்கும். மிச்சம் பிடிக்கணும்னா வேற எதுலயாவது பிடிங்க, இதுல வேண்டாம்.

ஒத்தைக்கட்டி:
கடுங்குளிர் வாக்ஸ் பாக்கெட்லயே 150 டிகிரின்னு போட்டிருக்கானே, 135ல உருகுற பேஸ் அதுல எப்படித் தப்பிக்குது? நீங்க சொல்ற கணக்குப்படி வாக்ஸ் அயர்னும் ஆபத்துதானே.

கூர்தீட்டி:
நல்ல கேள்வி. 150ங்கிறது தகட்டோட சூடு, பேஸோட சூடு இல்ல. தகட்டுக்கும் பேஸுக்கும் நடுவுல உருகின வாக்ஸ் ஒரு படலமா இருக்கு, அயர்ன் நிக்காம போர்டோட மூக்குல (முன்முனை) இருந்து வால் வரைக்கும் நகர்ந்துகிட்டே இருக்கு, அதனால பேஸ் அந்த சூட்டுக்குப் போறதே இல்ல. ஒரே இடத்துல நிறுத்தினா போயிரும். கைப்பழக்கம் இல்லாதவங்க குளிர் வாக்ஸ் பக்கம் இப்போதைக்கு போகாம, குறைஞ்ச சூட்டுல உருகுற யுனிவர்சல்ல கத்துக்கிறது நல்லது. அந்த அளவுக்கு உங்க பேச்சை ஒத்துக்கிறேன்.

உலர்பேஸ்:
ரெண்டு பேரும் வாக்ஸ் வேணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கிறீங்க. வாக்ஸே வேணுமாங்கிற கேள்வியை யாரும் கேக்கல. ஸ்வீடன்ல மிட் ஸ்வீடன் பல்கலைக்கழகத்துல லியோனிட் குஸ்மின்னு ஒருத்தர் இதையே ஆராய்ச்சி பண்ணி 2010ல முனைவர் ஆய்வேடா கொடுத்தார். ஸ்டீல் பிளேடால நல்லா சுரண்டி புதுசாக்கின பேஸ், வாக்ஸ் போட்ட பேஸுக்கு சளைக்காம வழுக்குது, வாக்ஸ்தான் அழுக்கை அதிகமா இழுத்து ஒட்ட வச்சுக்குதுன்னு அவர் வாதம். இன்னொண்ணு, சின்டர்டு பேஸ்ல துளை இருக்கு, வாக்ஸ் அதுக்குள்ள போய் உக்காந்துக்குதுன்னு எல்லாரும் சொல்றோமே, அது சரியான விளக்கம் இல்ல. பொடியை சூட்டுலயும் அழுத்தத்துலயும் இறுக்கித்தான் சின்டர்டு பண்றாங்க, ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை கிடையாது. சூடுபடும்போது பாலித்தீன்ல மூலக்கூறுகள் ஒழுங்கா அடுக்காம இருக்கிற பகுதியில கொஞ்சம் வாக்ஸ் கரையுது, அவ்வளவுதான்.

கூர்தீட்டி:
துளை விஷயம் சரி, ஒத்துக்கிறேன், பழக்கத்துல நானும் அப்படித்தான் சொல்றேன். ஆனா குஸ்மின் பார்த்தது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ. புதுசா சுரண்டி மொழுமொழுன்னு வச்ச பேஸ். இவர் போர்டு ஒரு சீசன் முழுக்க ஓடி வெளுத்து நிக்குது. ஸ்டீல் பிளேடை நேரா பிடிச்சு பேஸை மட்டமா சுரண்டுறதுக்கு வருஷக்கணக்கா பழக்கம் வேணும், தப்பினா ஒரு பக்கம் பள்ளம், ஒவ்வொரு தடவை சுரண்டும்போதும் பேஸ்ல கொஞ்சம் நிரந்தரமா போகுது. வாக்ஸ் தேஞ்சா திரும்பப் போட்டுக்கலாம், பேஸ் தேஞ்சா?

உலர்பேஸ்:
அவரை சுரண்டச் சொல்லல. வாரம் வாரம் வாக்ஸ் போடலைன்னா போர்டு செத்துரும்னு புதுசா வர்றவங்களை பயமுறுத்தாதீங்கன்னுதான் சொல்றேன். ஈரப் பனியில போர்டை உறிஞ்சிப் பிடிச்ச மாதிரி இழுக்குதே, அங்க பேஸ்ல இருக்கிற வரிவரியான ஸ்ட்ரக்சர்தான் பெரிய வேலை பண்ணுது, தண்ணிப் படலத்தை உடைச்சு விடுறது அதுதான். அந்த வரியை தடிமனா வாக்ஸ் போட்டு, சரியா சுரண்டாம, பிரஷ் போடாம அடைச்சு வச்சா வாக்ஸ் போட்டும் வேகம் வராது. நிறைய பேருக்கு நடக்கிறது இதுதான்.

கடைசிலிஃப்ட்:
இந்த இடத்துல அக்கா ஒருத்தி நான் உள்ள வர்றேன் 🙂 உலர்பேஸ் சொன்ன கடைசி வரி ரொம்ப முக்கியம். வாக்ஸ் பிராண்டுக்கு சண்டை போடுற நேரத்துல சுரண்டுறதைக் கத்துக்கிட்டா போதும். டோகோ, ஸ்விக்ஸ், ஹோல்மென்கோல் எதுவா இருந்தாலும் மேல வெள்ளையா ஒரு அடுக்கு நின்னா எல்லாம் ஒண்ணுதான், பனியில பிரேக் போட்ட மாதிரிதான். அரை மணி நேரமாவது அறை சூட்டுல ஆற விடணும், அப்புறம் ஸ்கிரேப்பரை கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு மூக்குல இருந்து வாலுக்கு இழுக்கணும், இனிமே ஒண்ணும் வரலைன்னு தோணுற வரைக்கும். ஸ்கிரேப்பர் முனை மழுங்கிட்டா வாக்ஸை சுரண்டாம வழுக்கிட்டுப் போகும், அப்போ அதையே அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்து முனையை சதுரமாக்கிக்கணும், இதை யாருமே சொல்லித் தர்றதில்ல. அப்புறம் பிரஷ். ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் நைலான் சொல்ல மாட்டேன், பித்தளை பிரஷ்தான். வரிக்குள்ள இருக்கிற வாக்ஸை கிளப்புறது அதுதான், நைலான் கடைசி பளபளப்புக்கு.

ஒத்தைக்கட்டி:
அக்கா சொல்றது நியாயம். என் நைலான் பிரஷ் விறைப்பா இருக்கும், அதனால சமாளிச்சிட்டேன்னு நினைக்கிறேன். பித்தளையை ஒத்துக்கிறேன். ஆனா அஞ்சு கலர் வேண்டாங்கிறதுல மாற மாட்டேன்.

கூர்தீட்டி:
அஞ்சு வேண்டாம், ரெண்டு வேணும். கடுங்குளிர்ல பனித்துகள் ஊசி மாதிரி கூர்மையா, கெட்டியா இருக்கும், மெத்து வாக்ஸா இருந்தா அதுக்குள்ள குத்தி இறங்கிப் பிடிச்சுக்கும், அதனாலதான் குளிருக்கு கெட்டி வாக்ஸ். மெஷின்ல அடிச்ச பனி அதைவிட மோசம், அரம் மாதிரி தேய்க்கும், அங்கயும் கெட்டி வாக்ஸ்தான் நிக்கும். பாக்கெட்ல போட்டிருக்கிற டிகிரியை காத்தோட டிகிரின்னு எடுத்துக்காதீங்க, பெரும்பாலும் பனியோட டிகிரிதான் கணக்கு. காத்து அஞ்சு டிகிரி வெதுவெதுப்பா இருந்தாலும் பனி 0க்கு மேல போகவே போகாது. ஒரு யுனிவர்சல், ஒரு குளிர் வாக்ஸ், இதுதான் என் கணக்கு.

புதுப்பனி:
நிறைய தெளிவாச்சு, நன்றி. ஒரு நண்பர் தன்கிட்ட பாதி தீர்ந்த ஃபுளோரோ வாக்ஸ் (ஃபுளோரின் சேர்மம் கலந்தது) இருக்கு, பறக்கும்னு சொல்லி தர்றேங்கிறார். வாங்கிக்கலாமா?

கடைசிலிஃப்ட்:
வாங்காத தம்பி. தயவுசெஞ்சு வேண்டாம். ஃபுளோரோ வேகம் தருங்கிறது உண்மை, ஈரப் பனியில அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. ஆனா அதுல இருக்கிறது மண்ணுலயும் தண்ணியிலயும் சிதையாம தங்குற ரசாயனம். அந்தக் குடும்பத்துல ஒண்ணான பிஎஃப்ஓஏ-வை 2019ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் (சிதையாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. உலகக்கோப்பை டீம்களுக்கு வாக்ஸ் போடுற டெக்னீஷியன்கள் ரத்தத்துல சாதாரண ஆளுங்களை விட அது ரொம்ப அதிகமா இருந்ததை ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க, அவங்க மூச்சுல போனது அயர்ன்ல இருந்து கிளம்பின புகை. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2019லயே தடைன்னு அறிவிச்சு, சோதனைக் கருவி தயாராகாம தள்ளிப்போய், 2023-24 சீசன்ல இருந்து முழுசா அமல் பண்ணாங்க. அந்த சீசன் முதல் போட்டியில, சோல்டன்ல, நார்வே வீராங்கனை ஒருத்தரை ஃபுளோரின் சோதனையில தகுதிநீக்கமே பண்ணாங்க. வீட்டுக்குள்ள சின்ன அறையில சன்னலை மூடிட்டு அதை உருக்குறதை நினைச்சாலே எனக்கு பதறுது. சாதாரண வாக்ஸ் போடுறப்பவும் சன்னலைத் திறந்து வச்சுக்கோ.

உலர்பேஸ்:
இதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல.

கூர்தீட்டி:
எட்ஜ் பத்தி யாரும் பேசலையே, நான் இங்க எழுத வந்ததே அதுக்குத்தான். ஐஸ் மாதிரி இறுகின பனியில போர்டு பக்கவாட்டுல வழுக்கி விழுறவங்க முக்கால்வாசிப் பேர் தன் ஓட்டத்தையே குறை சொல்லிக்கிறாங்க, விரல் நகத்தை எட்ஜ் மேல குறுக்க லேசா இழுத்துப் பார்த்தா நகம் சீவவே சீவாது, அவ்வளவு மொட்டை. பக்க எட்ஜை 88 இல்லைன்னா 89 டிகிரியில பிடிச்சுக்குற ஒரு கைடு, ஒரு டைமண்ட் ஸ்டோன், ஒரு கம்மி ஸ்டோன், வாக்ஸ் கலருக்கு முன்னாடி இதை வாங்குங்க. அரம் அப்புறம் போதும், அதுவும் வெட்டுற திசையில மட்டும் இழுக்கணும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. கல்லுல இடிச்ச இடம் சூட்டுல இறுகிப்போயிருக்கும், அங்க அரம் வச்சா கிறீச்னு சத்தம் போட்டு வழுக்குமே தவிர வெட்டாது, முதல்ல டைமண்ட் ஸ்டோனால அந்த இறுக்கத்தை எடுத்துடணும்.

ஒத்தைக்கட்டி:
பேஸ் பக்க எட்ஜை வீட்ல தொட வேண்டாம்னும் சேர்த்து சொல்லுங்க. அதுல ஒரு டிகிரி தப்பினா சரிபண்ண முழு பேஸையும் கிரைண்ட் பண்ணணும். நான் பார்க்ல (தாவுமேடை எல்லாம் வச்ச இடம்) ஓட்டுறவன், ரெயில்ங்கிற இரும்புக் கம்பி மேல ஏறுறதுக்கு கூர் எட்ஜ் எனக்கு எதிரி, அதனால எட்ஜ் டூல் எல்லாருக்கும் முதல் வாங்குதல்னு ஒத்துக்க மாட்டேன்.

கூர்தீட்டி:
பார்க்குக்கு சரி. ஆனா இவர் ரெயில் கம்பி மேல ஏறுறதா சொல்லலையே. மூக்கு, வால் பக்கம் எட்ஜ் பனியைத் தொட ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் கம்மி ஸ்டோனால கொஞ்சம் மழுக்கிட்டா திரும்பும்போது திடீர்னு கொத்தாது. அதுக்கும் அதே கம்மி ஸ்டோன்தான்.

புதுப்பனி:
நான் பார்க் பக்கம் போறதில்ல, கெட்டிப் பனியில வழுக்குற பிரச்சனை இருக்கு, நகம் வச்சுப் பார்த்தேன், சீவல. அப்போ வாக்ஸ் அயர்ன், யுனிவர்சல் வாக்ஸ், ஸ்கிரேப்பர், பித்தளை பிரஷ், பக்க எட்ஜ் கைடு, டைமண்ட் ஸ்டோன், கம்மி ஸ்டோன். குளிர் வாக்ஸும் பேஸ் கிளீனரும் இப்போதைக்கு இல்ல. பேஸ்ல நகம் நீளத்துக்கு ரெண்டு கீறல் இருக்கு, அதுக்கு பி-டெக்ஸ் வேணுமா?

கடைசிலிஃப்ட்:
நகம் மாட்டுற ஆழம் இல்லைன்னா விட்டுடு. ஆழமா, உள்ள மரமோ ஃபைபரோ தெரிஞ்சா குச்சியை உருக்கி ஊத்தி நிக்காது, ஆள்கிட்ட கொடுக்கணும். கிளீனர் வேண்டாங்கிறது நல்ல முடிவு, மெத்து வாக்ஸை போட்டு ஆறுறதுக்குள்ள சூடாவே சுரண்டினா அழுக்கு அதோட வந்துரும், உன் பேஸ் இருக்கிற நிலைக்கு முதல் தடவை ரெண்டு மூணு முறை அப்படிப் பண்ணு. முக்கியமா பூட்ஸை மாட்டுற பைண்டிங்கைக் கழட்டிட்டு அயர்ன் போடு, இல்ல ஸ்க்ரூவையாவது தளர்த்திக்கோ. இறுக்கின ஸ்க்ரூவோட சூடு பண்ணினா அந்தந்த இடத்துல பேஸ் உள்வாங்கி குழி விழும்.

புதுப்பனி:
அக்கா, ஸ்க்ரூ விஷயம் சுத்தமா தெரியாது, அப்படியேதான் போட்டிருப்பேன். சனிக்கிழமை போடுறேன், முடிச்சிட்டு பேஸ் போட்டோ இங்கயே போடுறேன்.

உலர்பேஸ்:
போடும்போது எத்தனை நாள் ஓட்டினதுக்கு அப்புறம் திரும்ப வெளுக்குதுன்னும் எழுதுங்க தம்பி, எந்த மாதிரி பனின்னும் சேர்த்து. என் வாதத்துக்கு எதிரா வந்தாலும் பரவாயில்ல.