சிம்பொனியை முதன்முதலாக நேரில் கேட்ட அனுபவம்: பகிர்ந்துகொள்ளுங்கள்

எங்கள் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழு. அந்த அர்த்தத்தோடுதான் நானும் சிங்கப்பூர் வந்தேன். வந்து மூன்றாவது வருடம், கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எஸ்பிளனேட் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு வாசித்தது துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி; பெரிய இசைக்குழுவுக்காக எழுதிய, நான்கு பகுதி கொண்ட நீண்ட இசை. செக் நாட்டுக்காரரான அவர் நியூயார்க்கில் இசைப்பள்ளி இயக்குநராக இருந்தபோது எழுதியது. 1893 டிசம்பரில் அங்கே கார்னகி ஹாலில் முதல் அரங்கேற்றம்.

எங்களுக்குக் கிடைத்த இடம் மேடைக்குப் பின்னால். கையசைத்து இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் முகம் நேரே தெரிந்தது. வயலின்கள் தூரத்தில் இருந்தன; தாளக் கருவிக்காரர்கள்தான் எங்கள் காலடியில். அதில் ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முதல் பகுதி முழுக்க அப்படியே.

இரண்டாம் பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும். ஓபோ என்ற ஊதுகுழலின் குடும்பத்தைச் சேர்ந்த இங்கிலிஷ் ஹார்ன், தணிந்த குரலில் ஒரு மெட்டை எடுக்கிறது. எங்கள் பாட்டி சாயங்காலத் திண்ணையில் தனக்குத்தானே முனகுவாளே, அந்த மாதிரி. கடைசியில் அந்த மெட்டு திரும்ப வரும்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் வாசிக்கிறார்கள். பாதியில் நிற்கிறது. மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கிறது. அத்தனை பெரிய அரங்கத்தில் ஒரு செருமல் கூட இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, அந்த மனிதருக்கு வருகிறேன். மூன்றாம் பகுதியில் எழுந்து டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பியைத் தட்டினார். மறுபடி உட்கார்ந்தார். கடைசிப் பகுதி ஆரவாரமாகத் தொடங்கியதும் இரண்டு பெரிய சிம்பல் தட்டுகளை எடுத்து மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கண் கண்டக்டர் மேல். உதடு மட்டும் அசைந்தது, தாளத்தை எண்ணுகிறார். ‘ஜல்’லென்று மோதப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு விளிம்பை இன்னொன்றில் மெல்ல இழைத்தார், அவ்வளவுதான். ‘ஸ்ஸ்...’ என்று அது பரவியது. கொஞ்ச நேரத்தில் கிளாரினெட் தன் மெட்டைத் தொடங்கியது. தட்டுகளைச் சட்டையோடு அணைத்து ஒலியை அடக்கிவிட்டு, அவர் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது நிமிட இசையில் சிம்பலுக்கு அந்த ஒரே ஒரு இழைப்புதான் என்று இடைவேளையில் அக்கா சொன்னார். டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியும் அப்படித்தானாம், அந்த இரண்டாம் பகுதியில் சில சுரங்கள், அதோடு சரி. வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவில் அந்த சிம்பல் இழைப்பைத் தேடினேன். மூன்றாவது தடவைதான் காதில் பட்டது. இத்தனை வருடம் ஹெட்போனில் கேட்டது, வாசிப்பவர்களை மட்டும்தான். காத்திருப்பவர்களும் சேர்ந்ததுதான் இசைக்குழு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்களுக்கு எது நடந்தது? எழுதுங்கள்.

*

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். நான் வாசிப்பை விட்டுப் படிப்புக்காக பெர்லின் வந்தவன். இங்கே பில்ஹார்மனி அரங்கம் 1963-இல் திறந்தது. மேடையைச் சுற்றி நாலா பக்கமும் இருக்கைகள். நான் முதல் தடவை போனபோது பக்கவாட்டில் இடம் கிடைத்தது.

கச்சேரி தொடங்கும் முன்பே என் கண் ஓபோக்காரர் மேல் போய் நின்றுவிட்டது. சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் எதையோ நனைத்தார், உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கி நுனியைப் பார்த்தார். அது சீவாளி, குழலின் வாயில் செருகி ஊதும் நாணல்! அப்பா மேடையேறும் முன் செய்வதை அப்படியே ஒரு வெள்ளைக்காரர் செய்கிறார். ஓபோவுக்கும் நாணலைச் சீவி இரண்டு இதழாகக் கட்டித்தான் ஊதுகிறார்கள். பல ஓபோ கலைஞர்கள் தாங்களே கத்தி வைத்துச் சீவிக்கொள்வார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அப்புறம் அவர் ஒரே ஒரு சுரத்தை நீட்டினார். அரங்கம் அமைதியானது. அந்தச் சுரத்தை வைத்துத்தான் மற்ற எல்லோரும் சுருதி சேர்க்கிறார்கள். நொடிக்கு 440 அதிர்வு என்பது பொது அளவு. ஐரோப்பாவில் பல குழுக்கள் 442, 443 என்று சற்று ஏற்றி வைப்பதுண்டு. நமக்கு ஒத்துக்காரர் கச்சேரி முடியும்வரை சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே தொடக்கத்தில் ஒரு தடவை கொடுத்துவிட்டு, மற்றபடி அவரவர் காதை நம்பிப் போகிறார்கள். அது எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு, சீவாளி பற்றித்தான் அரை மணி நேரம் பேசினேன்.

*

மேலே காத்திருப்பு பற்றி எழுதியவருக்கு: பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை நேரில் கேளுங்கள். லண்டனில் 1895-இல் தொடங்கிய ப்ராம்ஸ் கோடை விழாவில், ராயல் ஆல்பர்ட் ஹாலில், நின்று பார்க்கும் சீட்டு எடுத்துக் கேட்டேன். கால் கடுத்தாலும் மேடை பக்கத்தில் இருந்தது. டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கும் மூன்று பேர், முதல் மூன்று பகுதி முழுக்கக் கருவியைத் தொடவில்லை. மூன்றாம் பகுதியின் முடிவில் எல்லாம் அடங்கி டிம்பனி என்ற பெரிய முரசு மெல்லத் துடிக்கும். அப்போது மூவரும் ஒன்றாகக் கருவியைத் தூக்கினார்கள். மூச்சிழுத்ததில் தோள்கள் உயர்ந்ததைப் பார்த்தேன். இடைவெளி இல்லாமலே நான்காம் பகுதி திறந்தது, டிராம்போன்களோடு. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. 1808 டிசம்பரில் வியன்னாவில் முதல் தடவை கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதற்கு முன்னால் சிம்பொனிகளில் டிராம்போன் வருவதே அபூர்வம்.

*

தொடங்கியவன்தான் எழுதுகிறேன். சீவாளி விஷயத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அடுத்த தடவை பக்கவாட்டில் சீட்டு எடுக்கலாம், சுருதி சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்கிறார்.